ஸ்லோவில் நில்லாத வண்டி: திண்டுக்கல் மோட்டார் பட்டறைத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த மேஸ்திரிமார்களுக்கும், அவர்களிடம் தொழில் பயிலும் தம்பிமார்களுக்கும்,



சென்ற சித்திரை மாதத்தில் ஒரு மத்தியான வேளை, காமராஜர் பேருந்து நிலையத்துக்கு அருகே வாகன நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற வாடகைக் கார் அணைந்துபோயிற்று. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார், உயிர் வந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், உயிர் போயிற்று. பிறகு அந்த இளைஞர், முன்பாதத்தால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலரேட்டரையும் ஒரே காலால் மிதித்துக்கொண்டு, பின்னிருக்கையில் ஒரு முதிய தம்பதியை வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்தியதை நான் பார்த்தேன். ஓரமாக நிறுத்திய பின் விசாரித்தேன். “மூணு மாசமா இப்படித்தான் சார். பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு, பம்பு மாத்தியாச்சு. கடைசியா ஸ்லோவ ஏத்தி விட்டாங்க. ரெண்டு நாள் நின்னுச்சு, மறுபடியும் அதே கதைதான்” என்றார். அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மெக்கானிக் அல்லன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்த ஊரில் நெடுங்காலமாகக் கார் வைத்திருப்பவன். நகரிலும் பழனி சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் உள்ள எத்தனையோ பட்டறைகளில் மர பெஞ்சில் அமர்ந்து, உங்கள் கைவேலையை மணிக்கணக்கில் கவனித்தவன். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த ஓட்டத்தில், நில்லாத வண்டி உங்கள் வாசலுக்கு வரும்போது, காரணத்தைக் கண்ணால் காணும் வரையில் ஸ்லோ ஸ்குரூவின் மேல் ஸ்குரூ டிரைவரை வைக்காதீர்கள், கடையிலிருந்து ஒரு சாமானும் வாங்கிவரச் சொல்லாதீர்கள்.

ஓடும்போது நன்றாக ஓடுகிற வண்டி நிற்கும்போது மட்டும் ஏன் அணைகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்க அனுமதியுங்கள், வாத்தியார் புத்தி விடாது. பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 796 சி.சி.; அதாவது இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அவ்வளவு கொள்ளளவை அது உறிஞ்சியாக வேண்டும். நிமிடத்துக்கு 850 சுற்று ஸ்லோவில், த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக் கிடக்கும் நிலையில், உள்ளே போகிற காற்று உத்தேசமாக நிமிடத்துக்கு 100 லிட்டர். அப்போது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் வெற்றிட இழுவை பாதரசக் கணக்கில் 450 முதல் 500 மில்லிமீட்டர் வரை. ஆகையால் எங்கேயாவது இரண்டு சதுர மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தால், அதன் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 லிட்டர் திருட்டுக் காற்று புகுந்துவிடும். நூறில் இருபது! பெட்ரோல் நீர்த்துப்போய் எஞ்சின் தத்தளிக்கிறது. அதே வண்டி 3,000 சுற்றில் ஓடும்போதோ, உட்செல்லும் காற்று 700 லிட்டரை எட்டும், இழுவையும் தணிந்திருக்கும், அந்த இருபது லிட்டர் அங்கே ஒரு பொருட்டாகாது. ஆக, வெடிப்பு எப்போதும் இருக்கிறது, ஸ்லோவில் மட்டுமே அது வாய் திறந்து பேசுகிறது. ஸ்குரூவைத் திருகி ஸ்லோவை 1,200-க்கு ஏற்றும்போது நாம் அந்தப் பேச்சை அமுக்குகிறோம்; வெடிப்போ நாளொரு வண்ணமாக வளர்ந்துகொண்டே போகிறது.

இது என் சொந்த வண்டியிலேயே எனக்கு வாய்த்த பாடம். 1996-ல் வாங்கிய மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் சோக்கை இழுத்துக் கிளப்பினால் தங்கமாக நிற்கும்; சூடேறிச் சோக்கை உள்ளே தள்ளியதும் இரண்டு நடுக்கம் நடுங்கி அணைந்துவிடும். ஒரு பட்டறையில் நான்கு தடவை விட்டேன். முதல் தடவை பிளக், இரண்டாவது தடவை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் வயர்களும், மூன்றாவது தடவை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி கிட் மாற்றம், நான்காவது தடவை ஸ்லோ ஏற்றம். அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்லமாட்டேன், கைசுத்தமான மனிதர்கள்தாம். ஆனால் நான்கு தடவையில் ஒரு தடவையேனும் ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஐந்தாவதாக நாகல் நகர்ப் பக்கத்தில், அம்பாசடர் காலத்துக் கை ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை, உட்காரச் சொன்னார். “எப்ப அணையுது? ஆறினப்பவா, காய்ஞ்சப்பவா? சோக்கு இழுத்தா நிக்குதா? பிரேக்கு மிதிக்கையில அணையுதா, சும்மா இருக்கையில அணையுதா? லைட்டு போட்டா என்ன பண்ணுது?” என்று வரிசையாகக் கேட்டார். சோக்கை இழுத்தால் நிற்கிறது என்று நான் சொன்ன மாத்திரத்தில், “அப்ப பெட்ரோலு பத்தல, இல்லேன்னா காத்து கூடுது. கரண்டு பக்கம் போக வேண்டியதில்ல” என்று பாதி உலகத்தை ஒதுக்கிவிட்டார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு செலவை மிச்சப்படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பிறகுதான் பானெட் திறந்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முழ நீளமுள்ள சாதாரண ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் அடிப் பேக்கிங்கைச் சுற்றியும், மேனிஃபோல்டு சேரும் விளிம்புகளிலும், ஒவ்வொரு ஹோஸின் மீதும் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. என் காதிலும் அந்த முனையை வைத்தார்: பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சன்னமான ஓசை. கிராங்க் கேஸின் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுசெல்லும் அந்த ஹோஸை, மேனிஃபோல்டு ஓரமாக அவர் இரு விரலால் நெரித்ததும், நடுங்கிக்கொண்டிருந்த எஞ்சின் நிமிர்ந்து உட்கார்ந்தது, ஓசை உருண்டையாகிவிட்டது. ஹோஸைக் கழற்றிக் கொடுத்தார். மேலிருந்து பார்த்தால் புத்தம் புதிது போலிருந்தது. வளைத்துக் காட்டினார், அடிவயிற்றில், எண்ணெய் ஊறி ரப்பர் உப்பி மெத்தென்று ஆகியிருந்த இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளவு வாய் திறந்து மூடியது. புது ஹோஸின் விலை ஒரு பொட்டலம் பிரியாணியின் விலைகூட இல்லை.

இந்த ஊரின் பூட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை அரத்தால் ராவி உருவாக்குகிற கைவினைஞர் ஒருவரிடம் திறக்க மறுக்கும் மாங்காய்ப் பூட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவர் உடனே லீவரை மாற்றமாட்டார். சாவியைப் போட்டு, கால் திருப்பு திருப்பி, எங்கே தட்டுகிறது என்று விரல் நுனியால் கேட்பார். உள்ளே இருப்பதைத் திறவாமல் அறிகிற அந்தச் சூட்சும புத்தி நம் ஊர் மண்ணிலேயே இருக்கும்போது, மோட்டார் பட்டறையில் மட்டும் அது ஏன் அருகிப்போக வேண்டும்?

சூட்டையும் குளிரையும் பற்றி அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை இன்னும் சற்று விரிக்கலாம். ஆறியிருக்கும்போது அணைந்து, காய்ந்தபின் சரியாகிவிடுகிற வண்டியில் சோக்கையோ, புது வண்டியாயின் கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரையோ முதலில் சந்தேகிப்பது நியாயம். ஆறியிருக்கும்போது நன்றாக நின்று, சூடேறியபின் திடீரென்று பொட்டென அணைந்து, அரைமணி நேரம் ஆறினால் மறுபடி கிளம்புகிற வண்டியில், சூட்டில் செயலிழக்கும் காயிலையோ கிராங்க் சென்சாரையோ நாடலாம். கார்புரேட்டர் வண்டியாக இருந்து, நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் இவ்விதம் நேர்ந்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டதா என்று பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத பரீட்சை. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் அணைந்தால் பூஸ்டரின் டயாஃப்ரமோ அதன் ஹோஸோ காற்று இழுக்கிறது, ஏ.சி. போட்டதும் அணைந்தால் கம்ப்ரஸரின் சுமையைத் தாங்க ஸ்லோவைச் சற்றே உயர்த்திக் கொடுக்க வேண்டிய ஏற்பாடு வேலை செய்யவில்லை. அணையும் விதமும் பேசும்: விக்கி விக்கி அணைந்தால் பெட்ரோலும் காற்றும், விளக்கை ஊதி அணைத்தாற்போல் அணைந்தால் கரண்டு. இது எல்லா வண்டிக்கும் பொருந்தும் சாசனமாகாது. எனினும் தேடலை எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதற்குப் பெரும்பாலும் போதுமானது.

கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட்டைப் பற்றித் தம்பிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. அதன் துவாரம் அரை மில்லிமீட்டரை ஒட்டியது. ஒரு மணல் துகள் போதும் அதை அடைக்க. அடைப்பை எடுக்கக் கம்பியை விட்டுக் குடையும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது; பித்தளை மென்மையானது, ஒரு தடவை குடைந்தால் துவாரம் அகன்றுவிடும், பிறகு அந்த ஜெட் ஆயுள் முழுக்கப் பொய் சொல்லும். காற்றால் ஊதுங்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாவியை நிறுத்தியதும் பெட்ரோலைத் துண்டிக்கிற சாலினாய்டு உள்ள கார்புரேட்டராயின், சாவியைப் போடும்போது அது ‘டிக்’கென்று சத்தம் கொடுக்கிறதா என்று கேளுங்கள், அதன் வயர் கழன்றிருந்தாலே வண்டி ஓடும்போது ஓடி, ஸ்லோவில் மட்டும் செத்துப்போகும். பேக்கிங்கில் காற்று இழுக்கிறதா என்று பார்க்கப் பெட்ரோலைப் பீய்ச்சும் வழக்கமும் வேண்டாம். அருகிலேயே சைலன்சர் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரைத் தெளித்தாலும், விரலால் நெரித்தாலும் அதே உண்மை தெரியவரும்.

கொடைக்கானல் போய்வரும் வண்டிகளின் விஷயம் நம் வட்டாரத்துக்கே உரியது. திண்டுக்கல் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் தாழ்வு. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி இங்குள்ளதைவிட உத்தேசமாக ஆறில் ஒரு பங்கு குறைவு. இங்கே சரியாக ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே போனதும் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கொடுக்கிறது; புகை கக்கி, ஸ்லோவில் திணறி அணைகிறது. மலைமேலே யாரிடமாவது ஓட்டுநர் அதைக் குறைத்து வைத்துக்கொண்டு இறங்கினாரோ, வத்தலக்குண்டு வந்ததும் இப்போது பெட்ரோல் பற்றாமல் அணைகிறது. இரண்டு இடத்திலும் எஞ்சினில் பழுதில்லை. ஆகவே, “கடைசியாக மலைக்குப் போனீர்களா, அங்கே யாராவது கை வைத்தார்களா?” என்பது நம் ஊர்ப் பட்டறையில் தவறாமல் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அந்த மலையிறக்கத்தை நினைக்கும்போதுதான் இந்தப் பழுதைச் சில்லறைத் தொந்தரவென்று ஒதுக்க என் மனம் ஒப்புவதில்லை. கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்த கணத்தில் எஞ்சின் அணைந்தால், பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டொரு மிதிக்குத்தான் வரும். அதன்பின் பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். சித்திரையில் நான் பார்த்த அந்த வாடகைக் கார் மறுநாளே சவாரி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருக்கலாம். எந்த ஓட்டுநருக்குத்தான் பிழைப்பைப் பார்க்காமல் இருக்க முடியும்?

“இதெல்லாம் பழைய கதை, இப்போது ஸ்கேனர் சொல்லிவிடும்” என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். 1983-ல் பிறந்த மாருதி 800-ம் அதற்கு முந்தைய தலைமுறையின் அம்பாசடரும் 2014-ல் உற்பத்தி நின்றுபோயின என்பதும், அதே ஆண்டில் மாநகராட்சியான நம் ஊரில் இன்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் வண்டிகள் என்பதும் உண்மைதான். ஆனால் ஸ்கேனர் ஒரு சாட்சி, தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் பழுதில்லை என்று ஆகாது. ஒரு சென்சாரின் பெயர் திரையில் வந்ததால் அந்தச் சென்சார்தான் கெட்டது என்றும் ஆகாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உட்செல்லும் காற்றை நேரே அளக்கிற கருவி உள்ள வண்டியில் ஹோஸ் வெடித்தால், அளக்கப்படாத காற்று புகுவதால் பெட்ரோல் பற்றாது. அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் ஸ்லோவில் பெட்ரோலை அதிகம் கூட்டுவதையும், 2,500 சுற்றுக்குப் போனதும் அந்தக் கூட்டல் ஏறக்குறைய மறைந்துவிடுவதையும் ஸ்கேனரின் எண்களிலேயே காணலாம். நான் முன்பு சொன்ன கணக்கேதான் அது, திரையில் எழுதியிருக்கிறது. ஆனால் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணக்கிடுகிற மேப் சென்சார் வண்டியில், திருட்டுக் காற்றும் கணக்குக்குள் வந்துவிடுவதால், பெரும்பாலும் ஸ்லோ தாழ்வதற்குப் பதிலாக ஏறியே நிற்கும். அத்தகைய வண்டி ஸ்லோவில் அணைகிறதென்றால் முதலில் த்ராட்டில் பாடியைத் திறந்து பாருங்கள்: தகட்டின் விளிம்பைச் சுற்றி, கண்மை தீட்டியது போல ஒரு கரிய வளையம் படிந்து, ஸ்லோவுக்கு வேண்டிய மயிரிழை இடைவெளியை மூடிக்கொண்டிருக்கும். துணியும் உரிய திரவமும் கொண்டு துடைக்கிற வேலை. அதற்காக எத்தனை சென்சார்கள் மாற்றப்பட்டிருக்கின்றனவோ! துடைத்த பின்னும், பேட்டரியைக் கழற்றி மாட்டிய பின்னும், வண்டி தன் ஸ்லோவை மறுபடி கற்றுக்கொள்ளும் வரையில் சில நேரம் தடுமாறுவதுண்டு என்பதையும் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். 2025-லிருந்து நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் சேர்ந்தே இருப்பதால், பழைய ட்யூனிங்கில் உள்ள கார்புரேட்டர் வண்டிக்குக் கலவை தானாகவே சற்று நீர்த்துவிடுகிறது, பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் வாஷர்களுக்கும் அது ஒவ்வாதது, ஈரத்தையும் இழுக்கும். நேற்று வரையில் நன்றாக நின்ற பழைய வண்டி இன்று ஸ்லோவில் நடுங்கினால், அதை வைத்திருப்பவர் மேல் பழி போடுமுன் இதையும் யோசியுங்கள்.

இனி, எங்கள் தரப்புக் குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒரு காயிலின் விலையைப் பில்லில் பார்த்தால் முணுமுணுக்காமல் கொடுக்கும் நாங்கள், “ஒரு மணி நேரம் தேடினேன், அதற்கு இவ்வளவு” என்று நீங்கள் சொன்னால், “ஒன்றும் மாற்றவில்லையே, பிறகு எதற்குக் காசு?” என்று கேட்கிறோம். சாமானுக்குக் கூலி உண்டு, யோசனைக்குக் கூலி இல்லை என்ற இந்த அநியாயமான வழக்கம்தான் உங்களைச் சாமான் மாற்றும் வழிக்குத் தள்ளியது. வைத்தியரிடம் நாடி பார்த்ததற்குப் பணம் கொடுக்கிற ஊர், மேஸ்திரியிடம் மட்டும் மருந்துக்குத்தான் கொடுப்பேன் என்பது தகாது. ஆகையால், பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்று ஒரு கூலியை வெளிப்படையாக நிர்ணயித்துப் பட்டறைச் சுவரில் எழுதிப் போடுங்கள். கண்டுபிடித்த பொருளை உரிமையாளரின் கையில் கொடுத்து, அந்தப் பெரியவர் எனக்கு ஹோஸை வளைத்துக் காட்டியது போலக் காட்டுங்கள். முதல் ஆளாக நான் கொடுக்கிறேன். என் நண்பர்களிடமும் சொல்கிறேன்.

1893-ல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு, தாம் வாங்கிய மோட்டார் சைக்கிளைத் தாமே அக்கக்காகக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றார் என்று சொல்வார்கள். பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ரேஸ் கொடுக்கச் சொன்னால் கொடுத்துக்கொண்டு நிற்கிற தம்பிகளுக்கும் அப்படிப்பட்ட அறிவு வேட்கை இருப்பதை நான் அவர்கள் கண்ணில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அந்த ரப்பர் குழாயைக் கொடுங்கள். நல்ல வண்டி ஒன்றின் ஓசையை முதலில் கேட்கச் செய்யுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு ஹோஸைக் கழற்றிவிட்டு, எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

நாகல் நகர்ப் பெரியவர் இப்போது இல்லை. அவர் கழற்றிக் கொடுத்த ஹோஸ் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ரப்பர் இறுகி, முன்போல வளைவதில்லை, ஆனாலும் அந்தப் பிளவு தெரிகிறது. அதே மாருதி வீட்டு வாசலில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். எந்தப் பட்டறைத் தம்பி வந்தாலும் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுகிறேன். குழாய் ஒரு முழம் கொண்டுவந்தால் போதும்.

தங்கள் அன்புள்ள,
பட்டறை பெஞ்சில் பல காலம் அமர்ந்த ஒரு வாடிக்கையாளன்,
திண்டுக்கல்.